தலைதட்டி அளந்த கடுதாசி

நிலாவிலிருந்து ஒரு புருஷன் தன் பெண்டாட்டியை "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு விலை பதினெட்டு ரூபாய். பாசம் அதில் அடக்கம், வரி தனி.

கணக்கு சுலபம்தான். பைட்டுக்கு ஐம்பது பைசா. கணிப்பொறிக்குள்ளே ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு இடத்தில் கையைக் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துக்கு மூன்று வேண்டும். அதற்கு மேல் கொம்புக்கு மூன்று, காலுக்கு மூன்று, தலையில் வைக்கிற புள்ளிக்கும் மூன்று. "சாப்பிட்டியா" என்ற ஒற்றைச் சொல் முப்பத்தாறு பைட்டு. அந்த இடத்துக்குள் ஒரு வெள்ளைக்காரன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, விசாரித்து, கோபித்துக்கொண்டு, சமாதானமும் ஆகிவிடுவான்.

விருதுநகரில் இந்த விலையை வைத்தவர் ராஜபூபதி அண்ணாச்சி. அவருடைய அம்புலி அஞ்சல் நிலையம் முன்பு மிளகாய் வத்தல் கிடங்காக இருந்த கட்டடம். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் இன்றைக்கும் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையாகத் தும்முவார்கள். நிலாவின் தென்கோடியில் பனிப்பாறை வெட்ட ஒரு கம்பெனி ஆள் எடுத்தபோது, வளைகுடாவுக்கு அனுப்பிப் பழகிய சுற்றுவட்டாரம் அதே சூட்கேஸில் அதே கயிற்றைக் கட்டி நிலாவுக்கும் அனுப்பிவைத்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முகம் பார்த்துப் பேசும் வசதி அங்கே அதிகாரிகளுக்கு மட்டும். பாறை வெட்டுகிறவனுக்கு மாதம் ஓர் எழுத்துச் செய்தி. விரல் ரேகை வைத்து அனுப்ப வேண்டும். அனுப்புகிறவனுக்கு இலவசம், வாங்குகிற வீட்டாருக்குத்தான் விலை; அவர்கள் மேலே போடுகிற பதிலுக்கும் அதே விலை. பிரிவு என்ற சரக்கில் காத்திருக்கிறவரிடம்தான் வசூல் பண்ண முடியும் என்பது அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு.

அந்தச் செய்திகளை வாங்கும் நிரலை எழுதியவள் தவசிக்கனி. நிலையத்தில் ஒன்பது பேர். நிரல் தெரிந்தவள் அவள் ஒருத்தி, மற்ற எட்டுப் பேருக்கும் பில் போடத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தொழில் தொடங்கிய அன்று, அவள் அண்ணாச்சிக்கு விளக்கியிருந்தாள்.

"தடம் ரெண்டு வகை அண்ணாச்சி. ஒண்ணு பேசுற தடம், போன் மாதிரி. கேட்டுச்சா கேட்டுச்சான்னு ரெண்டு பக்கமும் விசாரிச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கம் வெச்சுட்டா நம்ம நிரலுக்குப் பூஜ்யம்னு தகவல் வரும். நிம்மதியான ஏற்பாடு, ஆனா காசு அதிகம். இன்னொண்ணு எறியுற தடம். கடுதாசியை நம்ம வாசலைப் பாத்து எறிஞ்சுட்டு அவன் பாட்டுக்குப் போயிருவான். வாசல்ல சாக்கெட்டுன்னு ஒரு துவாரம் இருக்கும். நாம அதுக்கு அடியில பெட்டியை நீட்டி வாங்கிக்கிடணும்."

"எது சல்லிசு?"

"எறியுறது."

"எறியட்டும்."

"பெட்டி எவ்வளவு பெருசு வெக்க? மேல செயற்கைக்கோள்ல வாடகை இடம். இப்போதைக்கு மாதிரிக்கு ஐநூத்திப் பன்னெண்டு பைட்டு போட்டிருக்கேன்."

"வாடகையா? அப்ப மாதிரியே இருக்கட்டும்."

மாதிரி எட்டு வருஷம் இருந்தது. முதல் வருஷக் கடைசியில் அண்ணாச்சி கேட்டார் என்பதற்காகத் தவசிக்கனி அளந்தும் பார்த்தாள். வந்த செய்திகளில் ஐந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. அதைவிட அதிசயம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு செய்தி சரியாக ஐந்நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தன. கூட ஒன்றில்லை, குறைய ஒன்றில்லை. வர்த்தக சங்கக் கூட்டத்தில் அண்ணாச்சி இதைச் சொல்லி, "நம்ம பயலுகளுக்கு நிலாவுக்குப் போயி எப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு வந்திருக்கு பாருங்க" என்று நெகிழ்ந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தவசிக்கனிக்கும் ஒரு சில்வர் குத்துவிளக்கு கிடைத்தது.

கடுதாசி பாதியில் நிற்கிறதே என்று கேட்டு வந்த வீட்டாருக்கு, பில் போடுகிற எட்டுப் பேரும் ஒரே பதிலை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்: "அங்க வேலைக்குச் சங்கு ஊதிருச்சும்மா. எந்திரிச்சுப் போயிருப்பாரு." செய்திகள் உறைபோட்டு ஒட்டி வீட்டாருக்குப் போகிறவை, தவசிக்கனி எதையும் படித்ததில்லை. சங்கு விஷயமும் அவள் காதுக்கு வந்ததில்லை.

ஒரு ஆடி மாதம், முற்பகல் பதினொரு மணிக்கு, முத்துப்பேச்சி வந்தாள்.

முத்துப்பேச்சி சந்தையில் முட்டை மொத்த வியாபாரம் செய்பவள். விரிசல் விழுந்த முட்டையை முக்கால் விலைக்கு விற்று, வாங்கினவரிடமே ஓட்டைத் திரும்பக் கேட்டு, ரோஜாத் தொட்டிக்கு உரமென்று இன்னொருவருக்கு விற்றவள் என்று அவளைப் பற்றிச் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. பொய் என்று அவள் சொன்னதில்லை. புருஷன் பூல்பாண்டி நிலாவுக்குப் போய் நாற்பத்தொரு மாதம்.

"இங்க கடுதாசியை வாங்கிப் போடுறது யாரு?"

எட்டுப் பேரும் தவசிக்கனியைக் காட்டினார்கள். முத்துப்பேச்சி மஞ்சள் பையை அவள் மேசைமேல் கவிழ்த்தாள். நாற்பத்தொரு தாள்.

"கடைசியா வந்ததைப் படி தாயி. சத்தமாவே படி, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

தவசிக்கனி படித்தாள். "பேச்சி நலமா. சாப்பிட்டியா. பெரியவனுக்குச் சளி விட்டதா. உங்க அம்மா முட்டி வலி எப்படி. பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டுச்சா. மழை உண்டா. இங்க எல்லாம் சௌக்கியம். அப்புறம் முக்கியமா ஒண்ணு, டாக்டர்..."

டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம். அதோடு முடிந்திருந்தது.

"அந்தக் கறுப்பு என்னது?"

"அரைகுறையா வந்த எழுத்துக்கா. ஒரு எழுத்துக்கு மூணு பைட்டு வேணும். ரெண்டுதான் வந்திருக்கு."

"மூணாவது எங்க?"

தவசிக்கனி வாயைத் திறப்பதற்குள் பில் மேசையிலிருந்து ஒரு குரல், "சங்கு ஊதிருச்சும்மா, எந்திரிச்சுப் போயிருப்பாரு" என்றது.

முத்துப்பேச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஏன் தாயி, ஒரு எழுத்துல மூணுல ரெண்டு பங்கு எழுதிட்டுச் சங்குச் சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போற மனுசன நீ எங்கயாவது பாத்திருக்கியா? நாப்பத்தோரு மாசமும் ஒரே எடத்துலயா சங்கு ஊதும்?"

தவசிக்கனி நாற்பத்தொரு தாளையும் புரட்டினாள். எல்லாம் ஒரே உயரத்தில் அறுந்திருந்தன, கத்தரித்த கேசம் மாதிரி.

"நம்ம சனம் எடுத்த எடுப்புல விஷயத்தைச் சொல்லுமா?" என்றாள் முத்துப்பேச்சி. "மாட்டை விசாரிக்கும், மழையை விசாரிக்கும், காப்பியைக் குடிக்கும். போயிட்டு வாரேன்னு வாசல் வரைக்கும் போயி, ஒத்தைச் செருப்பை மாட்டிக்கிட்டு, அப்புறந்தான் 'பொண்ணு பாக்க எப்ப வரட்டும்'னு கேக்கும். நீ செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திப்புட்ட. மாசத்துக்கு எரநூத்தி அம்பத்தாறு ரூவா குடுத்து, நாப்பத்தோரு மாசமா மாட்டு நலம் விசாரிப்பைத்தான் வாங்கியிருக்கேன். மிச்சத்தை எடு."

"மிச்சம் இல்லக்கா."

"இல்லன்னா? எங்க வெச்சிருக்க?"

"எங்கயும் இல்ல. பெட்டிக்குப் பிடிச்சது போக மீதியை அது வெச்சுக்கிடாது. அந்த நிமிஷமே போயிரும்."

முத்துப்பேச்சி தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள். "அடுத்த மாசம் வாரேன்" என்றாள். சந்தையில் அவள் அப்படிச் சொன்னால், கடனை எழுதிக்கொண்டாள் என்று பொருள்.

அன்று பிற்பகல் தவசிக்கனி நிரலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். பெட்டிக்குள் எவ்வளவு பிடித்தது என்று சொல்லாதே, வாசலுக்கு வந்தது எவ்வளவு என்று சொல்: அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். எட்டு வருஷமாகக் கையேட்டில் இருந்த சொல். மாலைக்குள் பதினாலு செய்தி வந்தன. 1,388. 2,045. 977. 3,310. பதினாலில் பெட்டிக்குள் அடங்கியது ஒன்று. அது யாரோ தவறான விலாசத்துக்கு அனுப்பியது.

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. "நீதான தாயி அளந்து பாத்த? தாண்டினது ஒண்ணுகூட இல்லன்னு விளக்கெல்லாம் வாங்குன?"

"படியை வெச்சு அளந்துட்டு, ஒரு படிக்கு மேல யாரும் அரிசி கொண்டு வரலன்னு சொல்லியிருக்கேன் அண்ணாச்சி."

இது புரிந்தது. அவர் அளவைகளோடு வளர்ந்தவர். "ஓகோ. தலைதட்டி அளந்திருக்கோம்." கையால் ஆகாயத்தில் ஒரு படியின் வாயை வழித்துக் காட்டினார். "சரி, தட்டிவிட்டது சாக்குலதான விழுந்திருக்கும்? அள்ளிக்கிட்டாப் போச்சு."

"சாக்கு இல்ல அண்ணாச்சி. தட்டிவிட்டது எங்கயும் விழாது."

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வருஷம், இரண்டாயிரத்து நூறு குடும்பங்கள், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காத அத்தனை ஆண்கள். அவர் கலங்கிவிட்டார் என்றுதான் தவசிக்கனி நினைத்தாள்.

"தலைக்கு ஆயிரம் பைட்டுன்னு வெச்சாலும்," என்றார் கண்ணைத் திறக்காமலே, "மாசத்துக்குப் பத்து லட்சம் பில் போடாம விட்டிருக்கோம்."

ஆவணி முதல் தேதி 'முழுப்படித் திட்டம்' அமலுக்கு வந்தது. பெட்டி நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டு. அறிவிப்புப் பலகைக்கு மாலை போட்டார்கள். வீட்டார் வரிசையில் நின்று சந்தா கட்டினார்கள். நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பில் தவசிக்கனி அன்றைக்கு ஒரு காப்பி கூடுதலாகக் குடித்தாள்.

யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மேலே இருந்தவர்களுக்கு இந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டு எப்போதோ தெரியும்.

கண்டுபிடித்தது சாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன். வீட்டிலிருந்து வரும் பதில்கள் மாட்டுக்கும் மழைக்கும் மட்டுமே பதில் சொல்வதைக் கவனித்தவன், மாமனாரைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தையைக் கடுதாசியின் கடைசியில் எழுதிப் பார்த்தான். சத்தமில்லை. மாதாமாதம் அதை ஒரு வரி மேலே நகர்த்தினான். எந்த மாதம் வீட்டில் ரகளை ஆனதோ, அந்த மாதம் எல்லை தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நிலாவில் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. எல்லைக்கு மேலே வீட்டுக்கு. எல்லைக்குக் கீழே எவருக்கும் இல்லை. கோயிலில் சொன்னால் அர்ச்சகர் காதில் விழும், நண்பனிடம் சொன்னால் ஊர் காதில் விழும். இது ஒன்றுதான் முழு ரகசியம், அதுவும் இலவசம்.

அந்த இடத்துக்குள்தான் அண்ணாச்சி இப்போது நாலாயிரம் பைட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டியிருந்தார்.

முதல் வாரத்தில் ஒரு மாமனார் தன்னைப் பற்றி மருமகன் வைத்திருந்த எட்டு வருஷ அபிப்பிராயத்தை மொத்தமாக விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். சீட்டுப் பணத்தை எடுத்தது யார் என்று ஒரு தெருவுக்கே தெரிந்தது. அதுவரை சந்தேகப்பட்டு ஒதுக்கியிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்க யாரும் போகவில்லை. ஒருத்தன் பெண்டாட்டியின் தங்கைக்கு வர்ணனை எழுதியிருந்தான், அதுவும் சுமாரான வர்ணனை. இரண்டு கல்யாணம் முறிந்தது. நிலைய வாசலில் செருப்புகள் பறந்தபோது, "செய்திக்கு நிலையம் பொறுப்பல்ல" என்ற பலகையை அண்ணாச்சி மாலையோடு சேர்த்து மாட்டினார்.

பூல்பாண்டியின் செய்தி ஆவணி பதினாறாம் தேதி வந்தது. 1,640 பைட்டு. பெட்டியிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்க்கவும் நிரலில் வழி உண்டு. தவசிக்கனி அதுவரை அதைச் செய்ததில்லை. அன்று செய்தாள்.

மாடு, மழை, முட்டி வலி. பிறகு, அந்த வழக்கமான இடத்துக்குக் கீழே:

"இனிமே உனக்குக் கேக்காது பேச்சி. தாண்டியாச்சு. டாக்டர் படத்தைக் காட்டினாரு. நெஞ்சுக்குள்ள பாதிக்கு மேல தூசியாம். இங்கத்தத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி, போனா வராது. சித்திரைக் கப்பல்ல இடம் கேட்டிருக்கேன். கம்பெனி பாக்கலாம்னு சொல்லுது, அது பாக்கலாம்னு சொன்னா என்னன்னு உனக்கே தெரியும். உங்கிட்டச் சொன்னா அழுவ. அழுதுக்கிட்டே முட்டை எண்ணுவ, எண்ணிக்கை தப்பும். அதான் இங்க வந்து சொல்லுறேன். சொன்ன மாதிரியும் ஆச்சு, நீ கேக்காத மாதிரியும் ஆச்சு."

இன்னும் இருந்தது. தவசிக்கனி திரையை அணைத்துவிட்டாள்.

முத்துப்பேச்சி மறுநாள் வந்தாள். வாசலில் நடந்துகொண்டிருந்த ரகளையைச் சந்தைக்காரியின் கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா. முழுசா."

"படிச்சியா?"

தவசிக்கனி விசைப்பலகையை நேராக நகர்த்தி வைத்தாள். முத்துப்பேச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இருப்பதைச் சொல்கிறவளுக்கு முகம் பெரிய வேலையில்லை.

"சரி. எனக்கு வேண்டாம்" என்றாள்.

பில் மேசையிலிருந்து அண்ணாச்சியே எழுந்து வந்துவிட்டார். "ஏம்மா, எண்ணூத்தி இருபது ரூவாச் சரக்கு. மிச்சம் எங்கன்னு சண்டை போட்டது நீதான?"

"அப்ப எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கை தவறிக் கொட்டிட்டாகன்னு நெனச்சேன். இப்ப வாசல்ல பாத்தேன்ல, எல்லாப் பயலும் தெரிஞ்சேதான் கொட்டியிருக்கான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்னு எழுதிட்டு எனக்குக் கேக்காத எடத்துக்குப் போயிப் பேசுறாகன்னா, அது ஜலதோசத்துக்கா இருக்கும்? எனக்கு அவ்வளவு போதும். எனக்குக் கேக்கக் கூடாதுன்னு அவுக சொன்னதை நான் காசு குடுத்து வாங்குறதா?"

"தெரிஞ்சா எதாவது செய்யலாம்லக்கா" என்றாள் தவசிக்கனி.

"என்ன செய்ய? ஏணி போட்டு ஏறவா? நான் கேட்டுட்டேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அங்கயும் வாயைத் திறக்க மாட்டாக. மனுசனுக்குப் பேச இருக்கறது அந்த ஒரு எடம். அதையும் பிடுங்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" பையிலிருந்து ஒரு முட்டை அட்டையைக் கிழித்த துண்டையும் பேனாவையும் எடுத்தாள். "எனக்கு என் பழைய பெட்டியையே போடு. ஐநூத்திப் பன்னெண்டு. மேல மாட்டையும் மழையையும் குடு. கீழ விழுந்தது எத்தனைன்னு எண்ணிக்கையை மட்டும் சொல்லு."

"எண்ணிக்கையை வெச்சு?"

"பேசுறாகளா இல்லையான்னு தெரியும்ல."

அண்ணாச்சி நெற்றியைச் சொறிந்தார். விலைப்பட்டியலில் எண்ணிக்கைக்கு விலை இல்லை. "மாசம் அம்பது ரூவா குடுத்துரு."

"வெறும் நம்பருக்கா? சரக்கு இல்லாத சாக்குக்கு எடைக்கூலி கேக்குறீகளே அண்ணாச்சி."

"அப்ப நாப்பது."

"ஆறு முட்டை."

"பத்தாவது குடும்மா."

"ஆறு. வெயில் காலத்துல அஞ்சுதான் குடுத்திருப்பேன்."

ஆறு முட்டையில் முடிந்தது. முதல் மாதக் கூலியை அங்கேயே எண்ணி வைத்தாள். ஆறிலும் விரிசல் இருந்தது.

"இன்னொண்ணுக்கா," என்றாள் தவசிக்கனி. "பெட்டி பெருசாயிருச்சுன்னு மத்த வீட்டுலருந்து மேல தகவல் போயிரும். அண்ணனும் கேள்விப்படுவாரே."

"அதுக்குத்தான் பதில் எழுத வந்திருக்கேன். எழுதிக்க." முத்துப்பேச்சி தொண்டையைச் செருமினாள். "ஊரெல்லாம் பெரிய பெட்டி வாங்கியிருக்கு. நான் வாங்கல. எண்ணூறு ரூவா தண்டம். நமக்குப் பழைய பெட்டியே போதும்." தவசிக்கனியின் முகத்தைப் பார்த்து, "நம்புவாக," என்றாள். "பதினேழு வருசமா வளத்த பேரு. இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆகுது."

பூல்பாண்டி நம்பினார். அந்த வருஷம் நிலாவில் நம்பியவர் அவர் ஒருவர்தான் போல. வீடுகளில் நடந்த கதை மேலே எட்டியதும், ஒவ்வொருவனாக வாயை மூடிக்கொண்டான். புரட்டாசியில் செய்திகள் எண்ணூறு பைட்டுக்கு இறங்கின. ஐப்பசியில் முந்நூறு. கார்த்திகையில் பலபேர் "நலம்" என்று பன்னிரண்டு பைட்டில் எழுதி, ஆறு ரூபாயோடு நிறுத்திக்கொண்டார்கள். நாலாயிரம் பைட்டுப் பெட்டிக்கு முழு வாடகை கட்டிக்கொண்டு, அதன் மூலையில் கிடந்த பன்னிரண்டு பைட்டை அண்ணாச்சி வெறித்துப் பார்த்தார். "கேக்குறதுக்குப் பெரிய காது வெச்சா இந்தப் பயலுக பேச மாட்டேங்கிறானுகளே கனி" என்று புலம்பினார். வர்த்தக சங்கத்தில் இதைப்பற்றி அவர் பேசவில்லை.

முத்துப்பேச்சி மட்டும் மாதாமாதம் வந்தாள். விரிசல் முட்டை ஆறு, எண்ணிக்கை ஒன்று. அட்டையில் எழுதிக்கொள்வாள். ஆவணி 1,128. புரட்டாசி 1,310. ஐப்பசி 1,402. "தீபாவளி, கொஞ்சம் கூடுதலாப் புலம்பியிருக்காக" என்பாள். கார்த்திகை 866. மார்கழி 951. "பாத்தியா, ஏறிருக்கு." தை 412.

விழுந்ததில் என்ன இருந்தது என்று இப்போது தவசிக்கனிக்கும் தெரியாது. பழைய பெட்டி நீளத்தைச் சொல்லும், எழுத்தை வைத்துக்கொள்ளாது. ஆவணியில் பார்த்தது மட்டும் அவளிடம் இருந்தது. சித்திரைக் கப்பல் என்ற சொல் ஒவ்வொரு மாதமும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. ஆறு முட்டைக்கு ஒத்துக்கொண்டது எண்ணிக்கைக்கு மட்டும்.

மாசி 57. முத்துப்பேச்சி அட்டையில் எழுதிவிட்டு, வெகுநேரம் பேனா மூடியைத் தேடினாள். மூடி அவள் இடது கையில்தான் இருந்தது.

பங்குனி இருபத்திரண்டாம் தேதி, மேலேயிருந்து பூல்பாண்டியின் பெயரில் நிரல் ஓர் எண்ணைக் காட்டியது. 0.

அண்ணாச்சி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கம்பெனி சாவுகளை வருஷக் கடைசியில் மொத்தமாகத்தான் அறிவிக்கும், பங்கு விலை இடையில் ஆட வேண்டாமென்று. இடைப்பட்ட மாதங்களில் ஊருக்கு ஆதாரம் இந்த நிலையம் ஒன்றுதான்.

"பூஜ்யம்னா அந்தப் பக்கம் வெச்சாச்சுன்னு நீ சொல்லியிருக்க," என்றார் மெதுவாக. "பாவம். கணக்கை மூடிரு தாயி."

"அது பேசுற தடத்துல அண்ணாச்சி. நீங்க சல்லிசா இருக்குன்னு எறியுற தடத்தை எடுத்தீங்க."

"அதனால?"

"இதுல யாரும் வெக்கிறதுக்குப் போனே இல்ல. எவனும் எறியலன்னா நம்ம நிரல் பெட்டியை நீட்டிக்கிட்டுச் சும்மா நிக்கும். விடிய விடிய நின்னாலும் ஒரு எண்ணும் சொல்லாது. பூஜ்யம்னு சொல்லுதுன்னா ஒருத்தரு எறிஞ்சிருக்காரு. உறை வந்திருக்கு. மேல பேரு இருக்கு, விரல் ரேகை இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி யோசித்தார். "விரலை வேற ஒருத்தன் பிடிச்சு வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கலாம்" என்றாள் தவசிக்கனி.

இதற்குள் முத்துப்பேச்சி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதுவரைக்கும் கேட்டாள் என்று தெரியவில்லை. உட்கார்ந்து, அட்டைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேல என்ன வந்திருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. மாடுகூட இல்ல."

"கீழ எத்தனை விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல."

"ஆனா கடுதாசி வந்திருக்கு."

"வந்திருக்கு."

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். "அப்ப நாலு வருசத்துல இப்பத்தான் ஒண்ணு முழுசா வந்து சேந்திருக்கு" என்றாள்.

பில் போடுகிறவர்களுக்குள் ஒரு குழப்பம். பூஜ்யம் பைட்டுக்கு நிரல் பில் போட மறுத்தது; பில் இல்லாமல் ரசீது வராது; ரசீது இல்லாமல் உறையைக் கொடுக்கக் கூடாது. அண்ணாச்சி எட்டுப் பேரையும் அதட்டி, தன் கையாலேயே ஒரு வெற்றுத்தாளை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். முத்துப்பேச்சி அதை மஞ்சள் பையில், மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தாள். பிறகு ஆறு முட்டையை மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

தவசிக்கனி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். ஆறிலும் விரிசல் இல்லை.

"பதில் ஒண்ணு போடணும் தாயி. நீளமா வேண்டாம். சாப்பிட்டியான்னு மட்டும் போடு."

தவசிக்கனி தட்டினாள். முப்பத்தாறு பைட்டு மேலே போயிற்று.

"பதினெட்டு ரூவாம்மா," என்ற அண்ணாச்சி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே ஒரு விலையைக் கைவிட்டார். "இருக்கட்டும், விடு. எதுக்கு இப்ப..."

"இனாமா?" முத்துப்பேச்சி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. இனாமாக் குடுத்தா கணக்கு இன்னையோட தீந்துபோகும். என் பேர்ல எழுதி வைங்க. பதில் வரட்டும், சேத்துத் தாரேன்."

அவள் படியிறங்கிப் போனபிறகு அண்ணாச்சி பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தவசிக்கனி எண்களைச் சொல்லச் சொல்ல, வத்தல் கிடங்குக் காலத்துக் கையெழுத்தில் எழுதினார்.

பூல்பாண்டி வகை. ஆவணி முதல் மாசி வரை வந்தது மாதம் 512. விழுந்தது ஆக மொத்தம் 6,126. பங்குனியில் வந்தது 0, விழுந்தது 0. போனது 36.

முத்துப்பேச்சி வகை. பாக்கி, ரூபாய் பதினெட்டு.